வில்லை மாறிய காசுகள்

நாணயத்திற்கு உடல் உலோக வில்லை. உரிமை தருவது அதன்மேற் பதியும் முத்திரை. ஓர் உலோகத்திற்குரிய முத்திரை வேறோர் உலோகத்தில் விழுந்துவிடின் பிழைக்காசு பிறக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்காகச் செம்பைச் சேமிக்க விரும்பிய அமெரிக்க அரசு, 1943இல் ஒரு சென்ட் காசுகளைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. எஞ்சிக் கிடந்த பழைய வெண்கல வில்லைகள் சில, புதியவற்றோடு கலந்து அச்சேறின. இன்று அறியப்படுவன ஏறத்தாழ இருபதே. 2019இல் ஒன்று இரண்டு இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. எஃகுக் காசுக்குச் செம்பு பூசிய போலிகளும் தோன்றின; காந்தம் அவற்றைக் காட்டிக் கொடுத்தது. அதே 1943இல் நம் நாட்டில் பிறந்த ஓட்டைக் காலணாவும் போர்க்காலச் சிக்கனத்தின் குழந்தையே.

திப்புவின் யானை பொறித்த செப்புக்காசுகள் வழங்கிய நிலம் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால். அது 1792இலும், ஓசூர் 1799இலும் கும்பினியார் கைக்கு மாறின. காசின் முத்திரை மாறியது. மக்கள் நாவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தே வழங்கின.

இவ்வெல்லையில் நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். காசடிக்கும் இடத்தைப் பண்டைத் தமிழ் ‘அக்கசாலை’ என்றது. கொற்கையருகே அப்பெயரால் ஓர் ஊரும் உண்டு. கன்னடம் ‘டங்கசாலெ’ என்னும். டங்கம் என்பது முத்திரைக்காசு. அச்சொல்லே தமிழில் ‘தங்கசாலை’ ஆயிற்று. வெள்ளியும் செம்பும் அச்சேறிய இடத்திற்குப் பொன்னின் பெயர் அமைந்தது. சொல்லும் வில்லை மாறி விழுந்தது.

அப்பிழையை உருக்கி அழிக்க வேண்டுவதில்லை. காசுக்குக் காந்தம் போலச் சொல்லுக்கு வேரறிவு வேண்டும். எதன்மேல் எது பதிந்தது என்றறிந்து வழங்குவதே கவிஞர் கடன்.