கலாம் கேட்ட பெட்டி

சந்திரயான்-1 பேச்சு மூச்சற்றுப் போன இரவை இந்த வாரம் சொல்வதாகப் போன வாரம் எழுதியிருந்தேன். நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

2008 அக்டோபர் 22, தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு. ஸ்ரீஹரிகோட்டாவில் காலை 6.22, மலேசியாவில் நம் மெர்சிங்கில் 8.52. அங்கே வடகிழக்குப் பருவமழை. இங்கேயும் கடல் முறைக்கத் தொடங்கி, தியோமான் தீவுப் படகுக்காரர்கள் வானத்தைப் பார்க்கிற நேரம். சந்திரயான்-1ஐச் சுமந்து பிஎஸ்எல்வி-சி11 ராக்கெட் கிளம்பியது. அதைக் கண்காணித்த நிலையங்களில் ஒன்று நம் தென்சீனக் கடலுக்கு அக்கரையில், புருணையில் இருந்தது. திட்ட இயக்குநர் கோதவாடி மயில்சாமி அண்ணாதுரையை உங்களுக்குத் தெரியும், பெட்டிக்கு வருகிறேன்.

முதல் திட்டத்தில் அந்தப் பெட்டி கிடையாது. கலம் 100 கி.மீ. உயரத்தில் நிலவைச் சுற்றும், படமெடுக்கும், அவ்வளவுதான். அவ்வளவு தூரம் போய்விட்டுத் தரையைத் தொடாமல் இருப்பானேன் என்று கேட்டவர் அப்துல் கலாம். ராமேஸ்வரத்துக்காரருக்கே வரக்கூடிய கேள்வி! நிலவின் தரையில் மோத வேண்டிய அந்தப் பெட்டியைத் திருவனந்தபுரத்தில் செய்தார்கள். சுமார் 35 கிலோ; பக்கங்களில் மூவண்ணக் கொடி; உள்ளே ஒரு கேமரா, உயரம் அளக்கும் ரேடார், காற்றே இல்லாத இடத்தில் காற்றை மோப்பம் பிடிக்கும் 'சேஸ்' கருவி.

நவம்பர் 14, நேரு பிறந்தநாள். இந்திய நேரம் இரவு 8.06க்குத் தாய்க்கலத்தை விட்டுப் பெட்டி பிரிந்தது. இருபத்தைந்து நிமிடம் விழுந்துகொண்டே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை மேலே அனுப்பியது. சேஸ் நான்கு விநாடிக்கு ஒருமுறை அளந்தது. 8.31க்குத் தென்துருவத்தில் ஷேக்கில்டன் பள்ளத்தின் அருகே மோதி நொறுங்கியது. பெங்களூரில் கலாமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சோறில்லாத நாட்டுக்கு நிலா எதற்கு என்று அப்போது எழுதிய பத்திரிகை மேதாவிகளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மொத்தச் செலவு 386 கோடி ரூபாய்தான்.

இஸ்ரோ மேலும் எனக்குக் கோபம் உண்டு. சேஸ் விழும்போதே நீராவியின் தடயத்தைப் பதிவு செய்துவிட்டது. ஆனால் அதே சந்திரயானில் பறந்த நாசாவின் எம்3 கருவியின் முடிவு 2009 செப்டம்பரில் 'சயன்ஸ்' இதழில் முந்திக்கொண்டது; சேஸ் கட்டுரை அச்சேறியது 2010இல். நிலவில் நீர் என்றதும் உலகம் எம்3 பெயரைச் சொல்கிறது. கையில் இருந்ததை உரக்கச் சொல்லாதவர்களுக்கு இப்படித்தான் ஆகும்.

2009 ஆகஸ்ட் 29 அதிகாலை ஒன்றரை மணிக்குத் தாய்க்கலத்துக்கு என்ன ஆனது என்பது அடுத்த வாரம், கட்டாயம்.