இரண்டு மணிக்கொருமுறை

திமிர்வாதக்காரனை நான்குபேர் சுமந்துவந்த சம்பவத்தை மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் பலமுறை வாசித்திருக்கிறோம். கூரையைப் பிரித்த அவர்களுடைய விசுவாசத்தைக் குறித்துப் பிரசங்கிக்கிறோம். அந்த நாளுக்கு முன்பு அவனைக் குளிப்பாட்டியவர் யார், உடுத்தியவர் யார், இரவில் புரட்டிப் படுக்கவைத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. இந்த வாரம் அக்கேள்வியோடு சரித்திரத்தின் ஒரு பக்கத்தைப் பார்ப்போம்.

முதல் உலகப்போரில் முதுகுத்தண்டு முறிந்த வீரர்களில் பெரும்பாலோர் நெடுநாள் பிழைக்கவில்லை. பலரைக் கொன்றது குண்டுக்காயம் அல்ல. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. உடல் அசையாதிருக்கும்போது எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் தசை நசுங்குகிறது. இரத்த ஓட்டம் நின்று இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் புண் தோன்றுகிறது. உணர்ச்சியற்ற உடலுக்கு அந்த வலி தெரியாது. இது தவிர்க்கமுடியாத முடிவு என்றே அக்காலத்து மருத்துவர்கள் பலர் எண்ணினார்கள்.

அப்படி எண்ணாதவர் லுட்விக் குட்மன். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி, 1939இல் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த யூத மருத்துவர் அவர். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் முதுகுத்தண்டுப் பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அங்கே கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய வழி மிக எளியது: ஒவ்வொரு நோயாளியையும் இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், தோலைச் சுத்தமாகவும் ஈரமின்றியும் காக்கவேண்டும். மரணத்துக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து அமர்ந்தார்கள். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அங்கே சக்கர நாற்காலியில் அமர்ந்தவர்கள் வில்வித்தைப் போட்டியில் அம்பெய்தார்கள். இன்றைய பாராலிம்பிக்கின் வேர் அதுவே.

நம் தேசத்திலும் ஒரு சாட்சி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறரைக் கவனித்தவர், புரண்டு படுக்கவும் பிறர் கையை எதிர்பார்க்கவேண்டியதாயிற்று. ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச்சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ளப் பயின்று, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். வேலூரில் அத்துறையின் தலைவரானார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எத்தனை பெரிய விடுதலை என்பதைத் தம் சரீரத்திலேயே அறிந்த மருத்துவர் அவர்.

இவ்விரு வாழ்க்கைகளும் கற்பிப்பது ஒன்றே. புரட்டுவதும் துடைப்பதும் தூக்குவதும் சிகிச்சைக்குப் புறம்பான எடுபிடி வேலை அல்ல. அதுவே உயிர் காக்கும் சிகிச்சை. அதற்கு அறிவும் வேண்டும். நோயாளியை இழுத்தால் தோல் உரியும், தூக்கியே நகர்த்தவேண்டும். நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டாமல் அதில் அமர்த்தலாகாது. பாரமான சரீரத்தை ஒருவரே தூக்கமுயன்றால் இருவரும் விழக்கூடும்.

நம் சபையிலும் படுக்கையாய்க் கிடக்கிறவர்கள் உண்டு. அவர்களருகே நின்று ஜெபித்துவிட்டு வீடு திரும்பி நிம்மதியாக உறங்கியிருக்கிறேன். அந்த வீட்டுச் சகோதரியோ அன்றிரவும் இரண்டு மணிக்கொருமுறை எழுந்திருப்பார். எத்தனை மாதங்களாய் எழுந்திருக்கிறார் என்று நான் விசாரித்ததில்லை. திமிர்வாதக்காரனைச் சுமந்தவர்கள் நான்குபேர். அவரோ தனியே சுமக்கிறார். இந்த வாரம் ஜெபத்தோடு ஒரு இரவையும் அவருக்குக் கொடுப்போமா? முறையாகப் புரட்டும் விதத்தை அவரிடமே கற்றுக்கொண்டு, அவரை உறங்கவிட்டு, நாம் விழித்திருப்போம்.