நிழலில் விளைந்த கணிதம்

கணக்கு என்றாலே நம் பிள்ளைகளுக்கு ஓர் அச்சம். அல்ஜீப்ரா, ஜியோமிதி, திரிகோணமிதி ஆகியவை தேர்வுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட வேண்டியவை என்றே பலர் எண்ணுகின்றனர். மார்க்கக் கல்வி வேறு, இக்கணிதம் வேறு என்னும் எண்ணம் பெற்றோரிடமும் வேரூன்றியிருக்கிறது. வரலாறோ இதற்கு மாறாகப் பேசுகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டிக்கு நேர் கிழக்கே கடலோரம் அமைந்தது பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய பழந்துறைமுகம் அது. அங்குள்ள சின்னப் பள்ளிவாசலில், தொழுகை நேரம் அறிய அமைத்த நிழற்கடிகாரம் ஒன்று உண்டு. அது நேரங்காட்டும் கல் மட்டுமன்று, திரிகோணமிதியின் பாடநூலுமாகும்.

ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழலைக் கழித்து, அப்பொருளின் உயரத்திற்குச் சமமாகும்போது அஸர் நேரம் தொடங்குகிறது என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ஹனபி மத்ஹபில் இரு மடங்கு. பன்னிரண்டு விரற்கடை உயரமுள்ள குச்சியை நட்டதாகக் கொள்வோம். பழவேற்காட்டின் அட்சரேகை ஏறத்தாழ 13.4 பாகை. இரவும் பகலும் சமமாகும் மார்ச் 21ஐ ஒட்டிய நாளில், அப்பாகையின் டேன்ஜென்ட் 0.238ஐப் பன்னிரண்டால் பெருக்கினால், நண்பகல் நிழல் 2.86 விரற்கடை. இதனுடன் பன்னிரண்டைக் கூட்டினால் 14.86. நிழல் அவ்வளவு நீளும்போது அஸர் வந்துவிடுகிறது. கதிரவனின் உயரம் அப்போது சுமார் 39 பாகை. பத்தாம் வகுப்பு மாணவன் போடும் கணக்கே இது!

டேன்ஜென்ட், கோடேன்ஜென்ட் இரண்டையும் அரபு அறிஞர்கள் ‘ளில்லு’, அதாவது நிழல் என்றே அழைத்தனர். சைன் என்னும் சொல்லின் கதை இன்னும் சுவையானது. வடமொழி ‘ஜீவா’ அரபியில் ‘ஜீப’ என நுழைந்தது. உயிர்க்குறியின்றி எழுதப்பட்டதால் ‘ஜைப்’ என வாசிக்கப்பட்டது. ஜைப் என்றால் சட்டையின் மடிப்பு. நாம் அன்றாடம் வழங்கும் ‘ஜேப்பு’ம் அதுவே. அதனை லத்தீனில் ‘சைனஸ்’ எனப் பெயர்த்தனர். அல்ஜீப்ராவோ, ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூற்பெயரிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்பதிலிருந்து பிறந்தது. பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கு அந்நூலில் அவர் பெரும்பகுதி ஒதுக்கினார்.

பள்ளிவாசலின் நேரங்கணிப்போருக்கு ‘முவக்கித்’ என்று பெயர். டமாஸ்கஸ் உமையாப் பள்ளியில் அப்பணியாற்றிய இப்னு ஷாத்திர், 1371இல் அதன் மினாராவுக்கு நிழற்கடிகாரம் அமைத்தார். சிறந்த வானியல் மேதையும் அவரே. பள்ளிவாசல் ஊழியமும் கணிதப் புலமையும் ஒருவரிடமே குடிகொண்டிருந்த காலம் அது.

இன்று அச்சிட்ட அட்டவணையும் மின்கடிகாரமும் நேரம் சொல்கின்றன. வசதிதான், ஆயினும் அந்நேரம் எவ்வாறு பிறந்தது என்று கேட்கும் பழக்கம் நம்மிடமிருந்து நழுவிவிட்டது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வேலை தேடும் நம் இளைஞருக்கு, உலோகத்தைச் சாய்வாகக் கடைவதற்கும் இதே டேன்ஜென்ட் வேண்டும். மதரஸா முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழலை அளந்து, பிக்ஹுப் பாடத்தையும் பள்ளிக் கணக்கையும் ஒருங்கே கற்பிக்க ஆசிரியர்கள் முன்வருதல் வேண்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை.