எல்பிஜி மாற்றம் (பழைய கார்கள்)

பெட்ரோலில் ஓடுவதற்கென்று தயாரான காரில் தனிச் சிலிண்டர், வேப்பரைசர், மிக்சர் அல்லது இன்ஜெக்டர், மாற்று ஸ்விட்ச் ஆகியவை அடங்கிய 'கிட்' ஒன்றைப் பொருத்தி, திரவ பெட்ரோலிய வாயுவிலும் ஓடும்படி செய்வது எல்பிஜி மாற்றம் எனப்படும். பெட்ரோல் ஏற்பாடு அகற்றப்படுவதில்லை. வண்டி கைமாறும்போது கிட்டைப் பற்றிய விவரம் பெரும்பாலும் கூடவே வருவதில்லை. எந்த வகைக் கிட் என்று தெரியாமல் கோளாறைத் தேடுவதே பழைய காரில் வீண் செலவுக்கு முதற்காரணம்.

வரலாறு

எல்பிஜியின் கதை காரிலிருந்தே தொடங்குகிறது. 1910-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், வாங்கிய பெட்ரோலில் பாதி வீடு போய்ச் சேர்வதற்குள் ஆவியாகிவிடுகிறது என்று கார் உரிமையாளர் ஒருவர் முறையிட்டதாகச் சொல்வர். அரசின் சுரங்கத் துறையில் பணியாற்றிய வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங் அதை ஆராய்ந்து, பெட்ரோலில் கரைந்திருந்த புரொப்பேன், பியூட்டேன் முதலிய வாயுக்களே பறந்துபோகின்றன என்று கண்டார். அவற்றைப் பிரித்தெடுக்கும் முறைக்கு 1913-இல் காப்புரிமை பெற்று, பின்னர் அதை எண்ணெய்த் தொழிலதிபர் பிராங்க் பிலிப்ஸுக்கு விற்றார்.

புரொப்பேன் உறைநிலைக்குக் கீழே 42 பாகை செல்சியஸிலும் பியூட்டேன் ஏறத்தாழ 0 பாகையிலும் கொதிப்பவை. ஆகவே சிஎன்ஜி எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவை 200 பார் அழுத்தத்தில் அடைக்க வேண்டியிருக்க, எல்பிஜி ஏறத்தாழ 10 பாருக்குள்ளேயே திரவமாக அடங்கிவிடுகிறது. இலகுவான சிலிண்டர் போதும் என்பதால் சிறிய கார்களுக்கு இது பொருந்திவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலி கிட் தயாரிப்புத் தொழிலின் தாயகமாயிற்று. ரெஜ்ஜோ எமிலியா நகரின் லாண்டி நிறுவனம் 1954-இல் தொடங்கப்பட்டது.

இந்தியாவில் சட்டம் வருவதற்கு முன்பே வழக்கம் வந்துவிட்டது. 1990-களில் மாருதி ஆம்னி போன்ற வண்டிகளின் பின்புறம் சமையல் சிலிண்டரைக் கவிழ்த்து வைத்து ஓட்டினார்கள். கிட்டுக்கு வேண்டியது திரவம். நிமிர்ந்து நிற்கும் சமையல் சிலிண்டரோ மேலிருந்து ஆவியை மட்டுமே தரும். அதனால்தான் கவிழ்த்தார்கள். குழாய் அறுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு அந்தச் சிலிண்டரில் கிடையாது. 2000-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 2001-இல் வாகன எல்பிஜிக்கான தனி ஆணை பிறந்த பின்னரே அங்கீகரிக்கப்பட்ட கிட்டும் ஆட்டோ எல்பிஜி நிரப்பு நிலையங்களும் வந்தன. வீட்டுச் சிலிண்டரை வாகனத்தில் பயன்படுத்துவது குற்றம். 2006-இல் மாருதி நிறுவனம் ஆலையிலேயே கிட் பொருத்திய வேகன் ஆர் டியூவோவை வெளியிட்டது.

வகைப்பாடு

கிட்டுகளைத் தலைமுறைகளாகப் பிரிப்பது வழக்கம். முதல் தலைமுறை கார்புரேட்டர் வண்டிகளுக்கானது. மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ஆகியவற்றில் காணப்படும். சிலிண்டரிலிருந்து திரவம் செம்புக் குழாய் வழியே முன்புறம் வந்து, வடிகட்டியோடு கூடிய சோலினாய்டு வால்வைக் கடந்து வேப்பரைசருக்குள் நுழையும். ரெடியூசர் என்றும் சொல்லப்படும் இப்பாகத்தில் ரேடியேட்டரின் சூடான நீர் ஓடுகிறது. அந்தச் சூட்டில் திரவம் ஆவியாகி, ரப்பர் டயாஃப்ரங்களால் அழுத்தம் தணிந்து, கார்புரேட்டர் வாயிலுள்ள மிக்சரில் காற்றோடு சேர்கிறது. எவ்வளவு வாயு போக வேண்டும் என்பதைக் குழாயிலுள்ள திருகு ஒன்றே தீர்மானிக்கும். ஸ்விட்ச் மூன்று நிலை கொண்டது. பெட்ரோலிலிருந்து வாயுவுக்கு மாறும்போது நடுநிலையில் வைத்து, கார்புரேட்டரில் மிச்சமுள்ள பெட்ரோல் தீர்ந்த பிறகே மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் சேர்ந்து எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும்.

இரண்டாம் தலைமுறை, இன்ஜெக்‌ஷன் வந்த தொடக்க காலத்தது. மிக்சர் அப்படியே இருக்க, திருகின் இடத்தில் ஸ்டெப்பர் மோட்டார் அமர்கிறது. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து அது வாயுவைக் கூட்டிக் குறைக்கும். வாயுவில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜெக்டர்கள் இயங்குவதாகக் காரின் கணினியை நம்பவைக்க எமுலேட்டர் என்னும் பெட்டியும் உண்டு. மூன்றாம் தலைமுறை குறுகிய காலமே நிலைத்தது.

நான்காவதான சீக்வென்ஷியல் கிட்டே முழுமையடைந்த வடிவம். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வாயு இன்ஜெக்டர் இருக்கும். காரின் கணினி பெட்ரோல் இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறக்கச் சொல்கிறதோ அந்த நேரத்தை வாயுவுக்கேற்பத் திருத்தி கிட்டின் கணினி பயன்படுத்திக்கொள்ளும். வண்டி பெட்ரோலில் கிளம்பி, நீரின் சூடு 30 முதல் 40 பாகையை எட்டியதும் தானே மாறும். திரவத்தையே தெளிக்கும் ஐந்தாம் தலைமுறையை நெதர்லாந்தின் வியாலே நிறுவனம் பரப்பியது.

வாயுச் சிலிண்டர் எல்லா வகைக்கும் பொது. வெப்பத்தில் திரவம் விரிய இடம் வேண்டுமாதலால் 80 விழுக்காட்டோடு நிரப்புதல் தானே நின்றுவிடும். 60 லிட்டர் சிலிண்டரில் 48 லிட்டருக்கு மேல் ஏறவில்லை என்பது குறையன்று. ஏறினால்தான் வால்வு பழுது.

கோளாறுகள்

முதற் சோதனை எளிது. பெட்ரோலிலும் வாயுவிலும் ஒரே கோளாறு இருந்தால் அது கிட்டைச் சேர்ந்ததன்று. வாயுவில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தாலும் கிட்டைக் கழற்றுமுன் பிளக்கையும் பிளக் வயரையும் பார்க்க வேண்டும். வாயுக் கலவையைப் பற்றவைக்க அதிக மின்னழுத்தம் தேவை. பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருப்பது நலம். மிக்சர் வகையில் பலவீனமான பொறியால் இன்டேக்கிலேயே கலவை பற்றி வெடிப்பதைப் பேக்ஃபயர் என்பர். ஏர் ஃபில்டர் பெட்டியையே அது பிளந்துவிடும். ஃபில்டர் அடைத்திருந்தால் மிக்சர் கூடுதல் வாயுவை உறிஞ்சி மைலேஜைக் குறைக்கும்.

வேப்பரைசர் மீது பனி படிந்தால் அதற்குச் சூடு போதவில்லை என்று பொருள். ரேடியேட்டரில் நீர் குறைவு, குழாயில் காற்று, நீர்க்குழாய் அடைப்பு ஆகியவை வழக்கமான காரணங்கள். நம் ஊர் பழைய வண்டிகளில் இன்னொன்றும் உண்டு: எஞ்சின் சூடாகிறது என்று எப்போதோ ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார். அதைத் திரும்பப் போடாமல் எந்த டியூனிங்கும் நிலைக்காது. கிளட்சை மிதித்ததும் எஞ்சின் ஆஃப் ஆவது டயாஃப்ரம் இறுகியதையோ ஐடிலிங் திருகு நகர்ந்ததையோ காட்டும். வேப்பரைசரின் அடியில் சேரும் கருத்த எண்ணெய்ப் பசையை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். மேட்டில் மட்டும் இழுவை குறைந்தால் முதலில் வாயு வடிகட்டியைச் சந்தேகிக்கலாம்.

சீக்வென்ஷியல் கிட்டில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் வாயு டியூனிங் தவறியிருக்கலாம், அல்லது இன்ஜெக்டர் தேய்ந்திருக்கலாம். மடிக்கணினி இல்லாமல் இதைச் சரிசெய்ய முயல்வது காலவிரயம்.

வாயு எஞ்சினைக் கெடுக்கும் என்ற பேச்சு பெரிதும் பராமரிப்பின்மையால் எழுந்தது. மென்மையான வால்வு சீட் கொண்ட பழைய எஞ்சின்களில் டேப்பெட் இடைவெளியைக் காலாகாலத்தில் பார்த்தால் போதும். ஒரு லிட்டர் எல்பிஜியில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு. ஆகவே பெட்ரோலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்த வண்டி வாயுவில் 12 தருவது இயல்பே. பெட்ரோல் டேங்கை வறள விடவும் கூடாது; பம்ப் எரிந்துபோகும்.

வாயு வாடை வந்தால் எஞ்சினை நிறுத்தி, சிலிண்டரின் கை வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவிட வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் அடித்தள வாகன நிறுத்தங்களிலும் தேங்கி நிற்கும். கசிவைச் சோப்பு நீரால் மட்டுமே தேட வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் கொடிய பழக்கம் எந்தப் பட்டறையிலும் இருக்கக் கூடாது.

பதிவும் இன்றைய நிலையும்

வாங்குமுன் ஆர்.சி. புத்தகத்தில் எல்பிஜி குறிக்கப்பட்டுள்ளதா, காப்பீட்டில் கிட் சேர்க்கப்பட்டுள்ளதா, 5 ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய சிலிண்டர் சோதனையின் தேதி எது என்று பார்க்க வேண்டும். சென்னையில் ஆட்டோக்கள் பல இன்றும் எல்பிஜியில் ஓடுகின்றன; கார்களில் சிஎன்ஜி முந்திவிட்டது.