ஒரு சின்னப் பிளக்கின் கதை: ஹாம் ரேடியோவும் 12 வோல்ட்டும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது நமது கரையோர ஊர்களில் உயிர்களோடு சேர்ந்து டெலிபோனும் மின்சாரமும் போயின. தெற்கில் என்ன நடக்கிறது என்று கொழும்புக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் இலங்கை அமெச்சூர் வானொலிச் சங்கத்தினர், அப்போதைய தலைவர் விக்டர் குணதிலகவின் தலைமையில், அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லத்துக்கும் இடையில் சிற்றலை ரேடியோ தொடர்பை ஏற்படுத்தினார்கள். அந்தமானின் போர்ட் பிளேயரில் இதே போல இன்னொரு சம்பவம். பொழுதுபோக்கு ஒலிபரப்புக்காக அங்கே போயிருந்த பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணியும் அவரது குழுவினரும் அந்த நிலையத்தை அப்படியே அவசரத் தொடர்பு நிலையமாக மாற்றினார்கள்.

இது பலரும் அறிந்த வரலாறு. இன்று நாம் பேசப்போவது அதற்குப் பின்னால் இருக்கும் மிகச் சிறிய ஒரு பொருளைப் பற்றி. கரண்ட் இல்லாத ஊரில் ரேடியோ பெட்டரியில்தான் வேலை செய்ய வேண்டும். பெட்டரிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் ஒரு பிளக் இருக்கிறது. அந்தப் பிளக் பொருந்தாவிட்டால் ரேடியோ வெறும் இரும்புப் பெட்டிதான்.

முதலில் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் ரேடியோ என்பது, பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் பெற்ற தனிநபர்கள் இலாப நோக்கமின்றி அலைவரிசைகளில் பேசிக்கொள்வது. நமது நாட்டில் அந்த அனுமதியைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழங்குகிறது. 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி இலங்கையருடையது.

வால்வு காலம்

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இராணுவங்கள் மிச்சமான ரேடியோக்களை மலிவாக விற்றன. ஹாம்கள் பலர் அவற்றை வாங்கித்தான் தொடங்கினார்கள். பிரித்தானியப் படையின் 19ஆம் இலக்க ரேடியோ அவற்றில் பேர்போனது. கனடாவில் செய்யப்பட்ட சில பெட்டிகளின் முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய மொழியும் இருக்கும். சோவியத் படைக்கும் அனுப்பப்பட்டதே காரணம்.

வால்வு ரேடியோவுக்கு ஒரே ஒரு மின்னழுத்தம் போதாது. வால்வின் இழையைச் சூடாக்க 6 அல்லது 12 வோல்ட் வேண்டும். அதன் தகட்டுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். வாகன பெட்டரியிலிருந்து அதைப் பெற ஒரு மோட்டாரையும் ஜெனரேட்டரையும் ஒன்றாக்கிய சுழலும் இயந்திரத்தை வைத்தார்கள். ஆகவே மின்வழங்கிப் பெட்டியிலிருந்து ரேடியோவுக்குப் போன கேபிளில் பல வயர்கள் இருந்தன. பிளக்கிலும் ஆறு, எட்டு, பன்னிரண்டு பின்கள். அமெரிக்காவில் சிக்காகோவைச் சேர்ந்த ஹவார்ட் பி. ஜோன்ஸ் என்பவரின் கம்பனி செய்த தட்டையான பின்கள் கொண்ட பிளக்குகள் எங்கும் பரவின. இன்றும் பழைய ஹாம்கள் அதை 'ஜோன்ஸ் பிளக்' என்றே சொல்வார்கள்.

அந்தக் காலத்தின் பயம் உயர் அழுத்தம். வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ஹீத்கிட் ரேடியோக்களின் மின்வழங்கி 700, 800 வோல்ட் வரை கொடுத்தது. தொட்டால் ஆள் முடிந்தார். அதனால் ஒரு விதி உறுதியானது: மின்சாரம் வரும் பக்கத்தில் துளை, அதைப் பெறும் பக்கத்தில் பின். நமது சுவரில் சொக்கட்டும் இஸ்திரிக்கையின் வயரில் பிளக்கும் இருப்பது இதே விதியால்தான். இதை மாற்றிப் பூட்டினால், கழற்றிய பிளக்கின் பின்கள் வெளியே நீட்டிக்கொண்டு உயிர்ப்போடு இருக்கும்.

ட்ரான்சிஸ்டர் வந்தது, பிரச்சினை மாறியது

1970களில் ரேடியோக்கள் முழுமையாக ட்ரான்சிஸ்டருக்கு மாறத் தொடங்கின. உயர் அழுத்தம் தேவையில்லை. வாகனத்தில் இருக்கும் அதே 12 வோல்ட் போதும். எஞ்சின் ஓடும்போது பெட்டரி சார்ஜ் ஆகும் அளவை ஒட்டி 13.8 வோல்ட் என்பது பொது அளவானது. இன்றும் பெரும்பாலான ரேடியோக்களின் பின்பக்கத்தில் அந்த எண்தான் அச்சிடப்பட்டிருக்கும்.

ஆட்கொல்லி அழுத்தம் போனது. ஆனால் பௌதிகவியல் ஒன்றைத் தந்தால் ஒன்றை வாங்கிக்கொள்ளும். 100 வொட் சக்தியில் ஒலிபரப்பும் ரேடியோ 13.8 வோல்ட்டில் சுமார் 20 அம்பியர் இழுக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 276 வொட். இதே சக்தியை நமது வீட்டு 230 வோல்ட்டில் எடுத்தால் 1.2 அம்பியர்தான் வரும். அழுத்தம் குறைந்தால் ஓட்டம் கூடும். ஓட்டம் கூடினால் பிளக்கின் தொடுகை எவ்வளவு நல்லது என்பதே முக்கியக் கேள்வியாகிவிடும்.

வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதும் ஓமின் விதி இங்கேதான் உயிர் பெறுகிறது. பிளக்கின் பின் கறுத்து, அதில் 0.05 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 20 அம்பியர் போகும்போது அந்த இடத்தில் 1 வோல்ட் காணாமல் போகும். 20 வொட் வெப்பம் அந்தச் சின்னப் பின்னிலேயே பிறக்கும். பின் சூடாகும், சூட்டில் அதன் இறுக்கம் தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடாகும். கடைசியில் பிளாஸ்டிக் உருகும். பழைய ரேடியோக்களில் நாம் காணும் பழுப்பேறிய, உருகிய பிளக்குகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

பூச்சட்டியிலிருந்து பிளக் வரை

இந்தக் காலத்தின் பெரிய பெயர் மோலெக்ஸ். 1938இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஃபிரெடரிக் கிரெபீல் என்பவர் தொழிற்சாலைக் கழிவுகளிலிருந்து ஒரு மலிவான வார்ப்புப் பொருளைச் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் மோலெக்ஸ். ஆரம்பத்தில் அதில் பூச்சட்டி போன்ற சாமான்கள் செய்தார்கள். பின்னர் அவரது மகன் காலத்தில் கம்பனி மின் இணைப்பிகளுக்குத் திரும்பியது. நைலோன் உறைக்குள் பின்னும் துளையும் வைத்த அந்த வெள்ளைப் பிளக் வீட்டுச் சாதனங்கள், கம்பியூட்டர் என்று எல்லாவற்றிலும் புகுந்தது.

ஜப்பானின் யேசு, ஐகொம், கென்வுட் ஆகிய மூன்று பெரிய கம்பனிகளும் தங்கள் 100 வொட் ரேடியோக்களில் இதே பாணியிலான ஆறு பின் பிளக்கை வைத்தன. ஒரு பின் 20 அம்பியரைத் தனியாகத் தாங்காது என்பதால் நேர்மின்னுக்கு இரண்டு, எதிர்மின்னுக்கு இரண்டு என்று பின்களைச் சோடியாக்கினார்கள். வாகனத்தில் பூட்டும் சிறிய ரேடியோக்களுக்கு T வடிவில் இரண்டு பின் பிளக் வந்தது. பிறகு நான்கு பின் பிளக் வந்தது. 2016இல் விற்பனைக்கு வந்து உலகெங்கும் பிரபலமான ஐகொம் 7300இல் அந்த நான்கு பின்தான் இருக்கிறது.

ஆக, ரேடியோவின் பக்கம் ஓரளவு ஒழுங்கு வந்தது. வயரின் மறுமுனைதான் பிரச்சினை. கம்பனிகள் அந்த முனையை வெறும் வயராக விட்டன. ஒருவர் அதில் வளையம் பூட்டினார். இன்னொருவர் முதலைக் கவ்வி பூட்டினார். மற்றொருவர் சிகரட் லைட்டர் பிளக்கைப் பூட்டினார், அதற்கு 20 அம்பியரைத் தாங்கும் சக்தி இல்லை. ஒவ்வொருவரின் வீட்டிலும் எல்லாம் சரியாக ஓடியது. ஒருவரின் ரேடியோவை இன்னொருவரின் பெட்டரியில் பூட்ட வேண்டிய நாள் வந்தபோதுதான் குழப்பம் தெரிந்தது.

உடன்பாட்டின் வரலாறு

அமெரிக்காவின் அவசரகால ஹாம் குழுக்கள் முதலில் இரண்டு பின் மோலெக்ஸ் பிளக்கைப் பொதுவாக்கிப் பார்த்தன. அதன் பின்கள் சிறியவை. அதோடு ஆண், பெண் என்று இரண்டு வகை இருந்ததால், எந்தப் பக்கத்தில் எதைப் பூட்டுவது, எந்தப் பின் நேர், எந்தப் பின் எதிர் என்று எல்லோரும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டியிருந்தது. ஒருவர் மாற்றிப் பூட்டினால், பிளக் அழகாகப் பொருந்தும், ரேடியோ எரியும்.

1990களில் கலிபோர்னியாவின் குழுக்கள் வேறொரு பிளக்குக்கு மாறத் தொடங்கின. அது அண்டர்சன் பவர்போல். 1877இல் பொஸ்டனில் அல்பர்ட், யோஹான் என்ற அண்டர்சன் சகோதரர்கள் தொடங்கிய கம்பனி அது. அந்நாளில் ட்ராம் வண்டிப் பாதைகளுக்கான மின் உறுப்புகளைச் செய்தது. 1950களில் சரக்குத் தூக்கும் வண்டிகளின் பெட்டரிக்காக ஒரு புதிய பிளக்கைக் கொண்டுவந்தது. அதில் ஆண், பெண் கிடையாது. இரண்டு முனையும் ஒன்றே. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றதோடு பொருந்திவிடும். பவர்போல் அதே எண்ணத்தின் சின்ன வடிவம்.

அதன் இன்னொரு புத்திசாலித்தனம்: 15, 30, 45 அம்பியர் என்று மூன்று வகைத் தொடுகைகளும் ஒரே அளவு உறைக்குள் போகும். சிறிய ரேடியோவின் மெல்லிய வயரும் பெரிய ரேடியோவின் தடித்த வயரும் ஒன்றோடொன்று பொருந்தும். உலோகம் உறைக்குள் மறைந்திருப்பதால் உயிர்ப்பான முனையும் எளிதில் எதிலும் படாது. மீதமிருந்தது ஒரே ஒரு முடிவு: சிவப்பு எந்தப் பக்கம்? பிளக்கின் முகத்தை நம் பக்கம் திருப்பி, நாக்கு போன்ற பகுதியை மேலே வைத்தால், சிவப்பு வலப்பக்கம். இதை எந்த அரசாங்கமும் சட்டமாக்கவில்லை. தொண்டர்கள் தங்களுக்குள் உடன்பட்டார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பவர்போலில் பூட்டு இல்லை, இழுத்தால் கழன்றுவிடும். ட்ரோன், விளையாட்டு விமானம் செய்பவர்களிடமிருந்து வந்த மஞ்சள் நிற எக்ஸ்டி60 பிளக்கை விரும்பும் ஹாம்களும் உண்டு.

மாற்றுபவர்கள் கவனிக்க

பழைய ரேடியோவின் பிளக்கை மாற்ற நினைக்கும் மாணவர்களுக்கு இந்த வரலாறு சில பாடங்களைத் தருகிறது.

1. உருகிய பிளக்கின் உறையை மட்டும் மாற்றாதீர்கள். வயரை உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டுங்கள்.

2. தொடுகையை அதற்குரிய குறடால் நசுக்கிப் பூட்டுங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள். கழன்றால் அது இப்போதே கழன்றது நல்லது.

3. வயரின் நிறத்தை நம்பாதீர்கள். ரேடியோவைப் பூட்டும் முன் மல்டிமீட்டரால் நேர், எதிரை அளந்து பாருங்கள். பல ரேடியோக்களில் மாற்றிப் பூட்டினால் பியூஸை எரிக்கவென்று ஒரு டயோட் உண்டு. பியூஸுக்குப் பதில் வயர்த் துண்டு போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

4. கம்பனி வயரில் இரண்டு பக்கமும் பியூஸ் இருப்பது வீணுக்கல்ல. வாகன எஞ்சினின் பூமித்தொடர்பு கழன்றால், ஸ்டார்ட் செய்யும் பெரிய ஓட்டம் ரேடியோவின் எதிர்மின் வயர் வழியாகத் திரும்ப முயலும். எதிர்ப்பக்கத்துப் பியூஸ் அதைத் தடுக்கிறது.

5. ரேடியோவில் இருக்கும் மூலப் பிளக்கை வெட்டி எறிய வேண்டியதில்லை. ஒரு முனையில் அந்தப் பிளக்கும் மறுமுனையில் பொதுப் பிளக்கும் உள்ள சாண் நீள வயர் ஒன்று செய்துகொண்டால் போதும்.

நமக்கு இதில் என்ன?

நமது வீடுகளைப் பாருங்கள். சுவரில் 5 அம்பியர் வட்டத் துளை, 15 அம்பியர் பெரிய வட்டத் துளை, 13 அம்பியர் சதுரத் துளை. எல்லாவற்றையும் சமாளிக்க ஒரு மல்டி பிளக், அதற்குள் தீக்குச்சி செருகும் கெட்ட பழக்கம் வேறு. நமது நாடு 13 அம்பியரை ஒரே தரமாக அறிவித்து, மற்றவற்றின் விற்பனையை 2018 ஆகஸ்ட் முதல் தடைசெய்தது. தரம் ஒன்றாவதற்கு இத்தனை காலம் எடுத்தது. அதற்கிடையில் எத்தனை வீடுகளில் சூடேறிய பிளக்குகளைக் கண்டோம்!

தரப்படுத்தல் என்பது பரீட்சையில் எழுதும் ஒரு சொல் மட்டுமல்ல. முன்பின் அறியாத இருவர், ஒரே நாட்டவர்கூட இல்லாத இருவர், இருட்டில் சந்திக்கும்போது ஒருவரின் பெட்டரி மற்றவரின் ரேடியோவுக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. வெள்ளம் வந்த பிறகு வயரை உரித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. எது சிவப்பு, எது கறுப்பு என்று விவாதிக்கவும் நேரம் இருக்காது.

நமது பாடசாலைகளில் அனர்த்த முகாமைத்துவக் குழுக்கள் இருக்கின்றன, சாரணர் இருக்கிறார்கள். பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, பெட்டரி எல்லாம் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலையில் அவற்றை ஒரே இடத்தில் வைத்து, எது எதோடு பொருந்துகிறது என்று மாணவர்களைக் கொண்டு பூட்டிப் பார்ப்போம். பொருந்தாதவற்றை அன்றே மாற்றுவோம். செலவு சில நூறு ரூபாய்தான்.