காலி பாட்டில் யாருடையது?

என் அப்பா குன்னூரில் சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் தகரக் கொட்டகை, காஸ் சிலிண்டர், கையால் சுற்றும் மிஷின், இரண்டு ஆட்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை வாங்கிய கோலி பாட்டில்தான் அங்கே ஓடியது. தலைகீழாக நிரப்பினால் காஸ் அழுத்தமே கோலியை வாயிலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும்.

உள்ளே இருக்கும் சோடாவைவிட பாட்டிலுக்குத்தான் விலை அதிகம். அதனால் கடைக்காரர் காசு கொடுத்தது சோடாவுக்கு மட்டும்; பாட்டில் எத்தனை கை மாறினாலும் அப்பாவுடையது. பெட்டிக்கு அட்வான்ஸ் உண்டு. காலிப் பெட்டி வந்தால்தான் அடுத்த பெட்டி இறங்கும். உடைந்தால் அட்வான்ஸில் கழித்துக்கொள்வார். எந்தச் சட்டமும் அவரை இதற்குக் கட்டாயப்படுத்தவில்லை.

பெட் பாட்டில் வந்ததும் பெரிய கம்பெனிகளுக்குக் காலியைத் திருப்பி எடுத்துப் போகும் செலவு மிச்சமானது. ஆனால் அந்தச் செலவு எங்கும் மறைந்துவிடவில்லை. நகராட்சிக் குப்பை வண்டியின் தலையிலும் எங்கள் ஓடைகளின் தலையிலும் வந்து விழுந்தது.

இதைச் சட்டத்தால் திருப்பிப் போட முடியும் என்ற யோசனைக்கு 1990இல் வடிவம் கொடுத்தவர் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட். பொருள் குப்பையான பிறகும் தயாரித்தவரே பொறுப்பு. அந்தச் செலவு தன் தலையில் விழுந்தால் தயாரிப்பாளர் பொருளையே வேறு மாதிரி செய்வார் என்பது லிண்ட்க்விஸ்ட்டின் வாதம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. எங்கள் பாட்டில் அத்தனை தடிமனாக இருந்ததற்கு, அது திரும்பி வரும் என்பதும் ஒரு காரணம்.

மறு ஆண்டே ஜெர்மனியில் கிளவுஸ் டோப்ஃபர் அமைச்சராக இருந்தபோது சட்டம் வந்தது: பொதி உறைகளைத் தயாரிப்பாளரும் வணிகரும் திரும்ப எடுக்க வேண்டும், அல்லது அதற்கான கூட்டு அமைப்புக்குப் பணம் கட்ட வேண்டும். பணம் கட்டிய பொருள்களில் பச்சைப் புள்ளி முத்திரை ஏறியது. ஜனங்கள் ஆர்வத்தோடு பிரித்துப் போட்டார்கள். குவிந்த பிளாஸ்டிக்கைக் கையாள ஆலைகள் போதவில்லை. 1993இல் அந்த அமைப்பே திவாலாகும் நிலைக்கு வந்தது. பிறகு 2003இல், ஒருமுறை மட்டும் பயன்படும் டின்களுக்கும் பாட்டில்களுக்கும் டெபாசிட்டைக் கட்டாயமாக்கினார்கள்.

இந்தியாவிலும் இதே வழியில் 2001இல் பேட்டரி விதிகள், 2011இல் பிளாஸ்டிக், மின்னணுக் கழிவு விதிகள். 2022இல் பிளாஸ்டிக் உறைகளுக்குச் சான்றிதழ் முறை வந்தது. கம்பெனி தானே குப்பையைத் தொட வேண்டியதில்லை. மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டலாம். அடுத்த ஆண்டே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனையில் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. போலிக் காகிதம் கொடுத்து அப்பாவிடம் ஒரு பெட்டி சோடா வாங்கியிருக்க முடியாது.

அதே 2022இல், மே மாதம், எங்கள் நீலகிரியில் இன்னொன்று நடந்தது. காட்டில் வீசப்படும் மது பாட்டில்களின் உடைசல் யானைகளின் கால்களைக் கிழிக்கிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரத் தொடங்கியது. பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு இந்தத் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது.

எனக்கு இதில் மகிழ்ச்சிதான், கோபமும் உண்டு. 10 ரூபாய் கொடுப்பவர் குடிப்பவர். ஸ்டிக்கர் ஒட்டுவதும், நாற்றமடிக்கும் காலிகளை எண்ணி அடுக்குவதும் கடை ஊழியர். வேலைச்சுமை தாங்கவில்லை என்று அவர்கள் போராடியிருக்கிறார்கள். பாட்டிலை நிரப்பி அனுப்பிய ஆலை இந்தக் காட்சியிலேயே இல்லை. காலி எடுக்கும் கூலியையும் இடத்துக்கான வாடகையையும் ஆலைகளே கட்ட வேண்டும் என்று நீதிமன்றமோ அரசோ அடுத்த உத்தரவில் எழுத வேண்டும்.