கிழவன் கட்டிய கோட்டை

திருமயம் கோட்டையைக் கட்டியவர் யார் தெரியுமா? ராமநாதபுரத்து ரகுநாத கிழவன் சேதுபதி. வருஷம் 1687. ஏழு சுற்று மதிலில் இன்று மிச்சம் நான்கு. ஐந்தாவதாக ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல்!

2018-ல் தொல்லியல் துறை கட்டணத்தை மாற்றியபோது, ரொக்கம் என்றால் 25 ரூபாய், ஆன்லைன் என்றால் 20 என்று ஆனது. ஆக, செல்போனைத் தட்டும் பேரனுக்குச் சலுகை. மடியிலிருந்து நோட்டை எடுக்கும் தாத்தாவுக்கு (காசு கையில் ரெடியாக இருந்தும்!) ஐந்து ரூபாய் கூடுதல். கிழவன் கோட்டைக்குள் நுழையக் கிழவருக்கே அபராதம்!

கால்பந்து ரசிகர்கள் கதையும் இதேதான். 2018 ரஷ்ய உலகக்கோப்பையில் காகித டிக்கெட் இருந்தது. 2022 கத்தாரில் அது செல்போனுக்குள் போய்விட்டது. பழைய டிக்கெட்டுகளை ஆல்பத்தில் ஒட்டிவைத்திருக்கும் பெரியவர் அடுத்த பக்கத்தில் எதை ஒட்டுவார், சொல்லுங்கள்?